மேசைக்கு வந்த செல்லுகள்: வாசகர் கேள்வி, கடைக்காரன் பதில்

தாராபுரத்துல செல்லு ரிப்பேர் கடை வெச்சு இருபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. நோக்கியா 1100-க்கு கீபேடு மாத்திப் பழகின கை இது. ‘கம்மி விலையில நல்ல செல்லு எது?’ன்னு கேட்டு எழுதச் சொல்லிப் போன இதழ்ல அறிவிப்பு வந்துச்சு. ஒரு பை நிறையக் கடுதாசி வந்திருக்குது. பேரு வேண்டாம்னு பல பேர் சொன்னதால ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கேன். மாடல் பேரும் சொல்லப் போறதில்லைங்க. இந்தப் புத்தகம் அச்சாகி வர்றதுக்குள்ள அந்த மாடல் கடையில இருக்காது. எந்தச் செல்லு எதனால கெட்டு என் மேசைக்கு வருதுன்னு எனக்குத் தெரியும். அதை வெச்சுத்தான் பதில்.

எங்க ஐயனுக்கு 72 வயசு. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில தனியா இருக்காரு. பட்டன் செல்லுல கூப்பிட்டுத்தான் கெணத்து மோட்டாரைப் போடறாரு. பேரனை வீடியோவுல பாக்கணும்னு ஆசை. 8,000 ரூபாய்க்குள்ள ஸ்மார்ட்போன் வாங்கலாமுங்களா, அண்ணா?
– மகன், பெங்களூருல வேலை

வாங்குங்க தம்பி. ஆனா பட்டன் செல்லை அவருகிட்ட இருந்து பிடுங்கீராதீங்க. மகனுக பண்ற மொதல் தப்பே அதுதான். புதுசு வந்துருச்சேன்னு பழசை எடுத்துட்டுப் போயிருவாங்க. மூணாம் நாள் பெரியவர் என் கடைக்கு வருவாரு: “சாமி, மோட்டார் போட முடியலைங்க.”

என்ன நடக்குதுன்னு கேளுங்க. மோட்டாரோட மாட்டியிருக்கிற, சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டருக்குக் கூப்பிட்டா, போடறக்கு 1 அமுக்கு, நிறுத்தறக்கு 2 அமுக்குன்னு சொல்லும். பட்டன் செல்லுல கட்டை விரலு தானாவே போயிரும். ஸ்மார்ட்போன்ல காதுல வெச்சதும் திரை இருட்டாயிரும். எடுத்துப் பாத்தா வெளிச்சம் வரணும், அப்புறம் கீபேடைத் தேடி எடுக்கணும், அதுக்குள்ள லைனு கட்டாயிரும். கம்மி விலைச் செல்லு பலதுல காது பக்கத்துல இருக்கறதைக் கண்டுபிடிக்கிற சென்சாரே நிசமா இருக்காது, சாப்ட்வேர்லயே சமாளிச்சிருப்பாங்க. அது நெனச்சா வெளிச்சம் போடும், நெனச்சா இருட்டாக்கும். அதனால கடையிலயே ஒருத்தருக்குக் கூப்பிட்டு, காதுல வெச்சு எடுத்து, நாலு தடவை சோதிச்சுப் பாத்து வாங்குங்க.

இன்னொரு வழி இருக்குது. ஸ்டார்ட்டர் நம்பரைச் சேமிக்கறப்ப, நம்பருக்குப் பின்னாடி ரெண்டு மூணு கமா போட்டு, கடைசியில 1 போடுங்க. ஒரு கமாவுக்கு ரெண்டு விநாடி மாதிரி நின்னு, அதுவே 1-ஐ அமுக்கிரும். ‘மோட்டார் போடு’ன்னு பேரு வெச்சு முகப்புத் திரையில ஒட்டீருங்க. அதே மாதிரி 2 போட்டு ‘மோட்டார் நிறுத்து’. எத்தனை கமா வேணும்னு ரெண்டு தடவை போட்டுப் பாத்தா தெரிஞ்சுரும். தோட்டத்துக்காரங்க எத்தனையோ பேருக்கு இதைச் செஞ்சு குடுத்திருக்கேன், இன்னி வரைக்கும் காசு வாங்கினதில்லைங்க.

ஒரு எச்சரிக்கை. ‘நெட்டு கம்மி விலை’ன்னு ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கிற சிம்மை ஜியோவுக்கு மாத்தீராதீங்க. பழைய ஸ்டார்ட்டரெல்லாம் 2ஜியில ஓடறது. ஜியோவுல 2ஜியே கெடையாது. மோட்டார் பேசாமக் கெடக்கும், பயிரு காயும்.

விரலு விசயம் ஒண்ணு. மம்பட்டி பிடிச்சுக் காப்புக் காய்ச்ச விரலுக்கு டச் சரியாக் கேக்காது. செட்டிங்ஸ்ல டச் உணர்திறனைக் கூட்டற வசதி இருக்கிற செல்லாப் பாருங்க. பெரியவரையே கடைக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு விரலாலயே தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. வாசலுக்கு வந்து வெய்யில்லயும் திரையைப் பாக்கச் சொல்லுங்க. கடைக்குள்ள டியூப் லைட்டு வெளிச்சத்துல எல்லாச் செல்லும் ஜொலிக்கும், வரப்பு மேல நின்னா பாதி செல்லுல ஒண்ணும் தெரியாது.

அவரு கொடைக்கானல் எப்.எம். 100.5 கேக்கறவரா இருந்தா, இயர்போன் ஓட்டையும் ரேடியோவும் இருக்கான்னு பாருங்க. பல செல்லுல அந்த இயர்போன் ஒயருதான் ஏரியல், சொருகாம எப்.எம். எடுக்காது.

வாட்ஸ்அப்பு, வீடியோ காலு, ரேடியோ, இவ்வளவுதான் வேணும்னா 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், 4ஜி போதுங்க. மிச்சக் காசுல நல்ல கவரும் கழுத்துக் கயிறும் வாங்கிப் போடுங்க. பெரியவங்க செல்லு என் மேசைக்கு வர்றது எச்சா வாய்க்காலும் தொட்டியும் தாண்டித்தான். நனைஞ்சா உடனே ஆப் பண்ணோணும், சார்ஜுல போடவே கூடாது. அரிசிக்குள்ள பொதைச்சு வெக்காதீங்க. அரிசி உள்ள இருக்கிற தண்ணியை இழுக்காது, சார்ஜ் ஓட்டைக்குள்ள மாவுதான் போயி அடையும்.

அப்புறம், கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்புல ஒரு பைல் வரும். படமோ பி.டி.எப்.போ இல்லாம ‘ஏபிகே’ன்னு முடிஞ்சா அது செல்லுக்குள்ள ஏறிக்கிற ஆப்பு, தொடவே கூடாதுன்னு ஐயன்கிட்டச் சொல்லி வையுங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்க பேருல வந்தாலும் சரி. காசு போயிருச்சுன்னா சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அந்த நிமிசமே கூப்பிடோணும்.

தறிக்குடோன்ல வேலை. எனக்கு எந்தச் செல்லும் ஒரு வருசம் தாங்க மாட்டேங்குது. சார்ஜ் ஏறாது, இல்லைன்னா சத்தம் கேக்காது. நல்ல கம்பெனியாச் சொல்லுங்க.
– தறி ஓட்டுபவர், சோமனூர்

கம்பெனி மேல பழி போடாதீங்க, உள்ள இருக்கிறது உங்க குடோன் பஞ்சு. சோமனூரு, பல்லடம் பக்கத்துச் செல்லைப் பிரிச்சா சார்ஜ் ஓட்டைக்குள்ள ஒரு சின்னத் தலையணை இருக்கும். ஒயரைச் சொருகச் சொருக அது இறுகி, முனை முழுசா உள்ள போகாது. செல்லை ஆப் பண்ணீட்டு பல்குத்தற மரக்குச்சியில மெதுவா எடுங்க. குண்டூசி வேண்டாம், உள்ள இருக்கிற காலு வளைஞ்சா அதுக்கு ஒரு செலவு.

புதுசு வாங்கறப்ப ‘ஐபி’ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, ஐபி54, ஐபி64 அந்த மாதிரி. எல்லாரும் ரெண்டாவது எண்ணைப் பாத்து தண்ணிக்குத் தாங்குமான்னு கேப்பாங்க. உங்களுக்கு வேண்டியது மொதல் எண்ணு, அதுதான் தூசிக்கு. 5 இருந்தா நல்லது, 6 இருந்தா ரொம்ப நல்லது. பொள்ளாச்சி பக்கம் தேங்காய் மட்டை மில்லுல இருக்கறவங்களுக்கும் இதே பதிலுங்க.

தறிச் சத்தத்துல எந்த ஸ்பீக்கரும் கேக்காது. அதுக்காக விலை கூடின செல்லு வாங்கறது வீணு. கையில கட்டற பேண்டு ஒண்ணு வாங்கிக் கட்டிக்குங்க. போன் வந்தா மணிக்கட்டுல அதிரும்.

அண்ணா, வீட்டுல இருந்தே நைட்டியும் சுடிதாரும் வாட்ஸ்அப்புல விக்கறேன். போட்டோவுல ஒரு கலரு, நேர்ல ஒரு கலருன்னு துணி திரும்பி வருது. 108 மெகாபிக்சல் செல்லு வாங்கினாச் சரியாயிருமா?
– வீட்டு வியாபாரி, திருப்பூர்

ஆகாது அம்மிணி. மெகாபிக்சலுக்கும் கலருக்கும் சம்பந்தமே இல்லை. 50 மெகாபிக்சல்ன்னு போட்டிருக்கிற கேமராவுல பலது நாலு புள்ளியை ஒண்ணாச் சேத்து, 12 சொச்சம் மெகாபிக்சல் படமாத்தான் குடுக்குது. பின்னாடி மூணு கண்ணு இருக்குதுன்னு மயங்காதீங்க. கம்மி விலைச் செல்லுல ரெண்டாவது, மூணாவது கண்ணு 2 மெகாபிக்சலா இருக்கும். கண்ணேறு படாம இருக்கறக்கு வெச்ச மாதிரி, சும்மா அழகுக்கு.

செல்லு மாத்தறக்கு முந்தி ஒரு வாரம் இதைச் செஞ்சு பாருங்க. டியூப் லைட்டை அணைச்சுட்டு, காலையில ஜன்னலோரம் துணியை விரிச்சு எடுங்க. நேர் வெய்யில் படக் கூடாது. பக்கத்துல ஒரு வெள்ளைக் காகிதம் வையுங்க. காகிதம் படத்துல மஞ்சளாவோ நீலமாவோ வந்தா துணியும் பொய்தான் சொல்லுது. கேமராவுல ஏஐ, பியூட்டின்னு இருக்கறதை எல்லாம் அணைச்சுருங்க. அது மெரூனைச் செகப்பாக்கி அழகு பண்ணீரும். என் சம்சாரம் மயில் கழுத்துப் பச்சைச் சீலைன்னு படத்தைப் பாத்து வாங்கி, வந்தது ஊதா. அந்தச் சண்டை எங்க வீட்டுல இன்னும் முடியலைங்க.

அனுப்பறப்ப எச்டி-ன்னு இருக்கிறதைத் தட்டுங்க. இன்னும் தெளிவா வேணும்னா படத்தை டாகுமெண்டா அனுப்புங்க, வாட்ஸ்அப் நசுக்காது.

இவ்வளவு செஞ்சும் சரியா வரலைன்னா வாங்குங்க. நீங்க பாக்க வேண்டியது 128 ஜிபி இடமும், கையாட்டத்தைத் தாங்கற ஓஐஎஸ்-உம். கடைக்கு ஒரு நைட்டியைக் கையோட எடுத்துட்டுப் போயி, அங்கயே எடுத்து, துணியையும் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கடைக்காரன் சிரிச்சாச் சிரிக்கட்டும்.

மேப்பு வெச்சுட்டு வண்டி ஓட்டினா அம்புக்குறி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எந்தப் பக்கம் திரும்பறதுன்னு திண்டாடறேன். நெட்டு கோளாறா?
– லாரி டிரைவர், நாமக்கல்

நெட்டு இல்லைங்க, உங்க செல்லுல திசைமானி இல்லாம இருக்கும். விலையைக் குறைக்கறக்கு மொதல்ல கழட்டறதே அதையும், செல்லு திரும்பறதைக் கண்டுபிடிக்கிற கைரோ சென்சாரையும்தான். வண்டி ஓடறப்ப ஜிபிஎஸ் நகர்றதை வெச்சுத் திசையைச் சமாளிச்சுக்கும். சிக்னல்ல, டோல்கேட்டுல நின்னா தடுமாறும். வாங்கறப்ப சென்சார் பட்டியல்ல மேக்னெட்டோமீட்டர் இல்லைன்னா இ-காம்பஸ், அப்புறம் கைரோஸ்கோப்புன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. பட்டியல்ல இல்லைன்னா செல்லுலயும் இருக்காது. கடையில மேப்பைத் தொறந்து நின்ன எடத்துலயே சுத்திப் பாருங்க, நீல விசிறியும் கூடவே சுத்தோணும்.

டேஷ்போர்டு வெய்யில்ல வெச்சு சார்ஜ் போடாதீங்க. பேட்டரி உப்பி, திரையைத் தூக்கிட்டு வந்த லாரிக்காரங்க செல்லு மட்டும் ஒரு டப்பா நிறைய வெச்சிருக்கேன். நீங்க போற வழி மேப்பை வீட்டு வைபையில இறக்கி வெச்சுக்குங்க, சிக்னல் இல்லாத எடத்துலயும் வழி காட்டும்.

16 ஜிபி ராம், 10,000 ரூபாய்க்கு வருதுன்னு விளம்பரம். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், பெருந்துறை

8+8-ன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும் பாரு கண்ணு. ரெண்டாவது 8, படம் வெக்கிற எடத்துல இருந்து கடன் வாங்கின ராம். வேகம் வராது. ராமை விட, படம் வெக்கிற இடம் வேகமான யுஎப்எஸ் ரகமா, மெதுவான இஎம்எம்சி ரகமான்னு கேளு. இஎம்எம்சி செல்லு, இடம் நிரம்ப நிரம்ப, ஒரு வருசத்துல நகரவே யோசிக்கும்.

5ஜி வேணுமா?
– மளிகைக் கடை, கோபி

உங்க கடைக்குள்ள 5ஜி எடுக்குதான்னு பக்கத்துக் கடைத் தம்பி செல்லுல பாருங்க. எடுத்தா வாங்குங்க. வாங்கினா என்28, என்78-ன்னு ரெண்டு 5ஜி அலைவரிசையும் செல்லுல இருக்கோணும். என்28-ங்கறது 700 மெகாஹெர்ட்ஸ் அலை, சுவத்தைத் தாண்டி உள்ள வர்றது அதுதான்.

பழைய செல்லு வாங்கறப்ப எதைப் பாக்கணும்?
– ஆசிரியை, பொள்ளாச்சி

நானே ஏமாந்தவன்தான் டீச்சர். ஒருத்தன் அவசரத்துக்குன்னு வந்து, பளபளன்னு இருந்த செல்லை என்கிட்ட 6,000-க்குத் தள்ளீட்டுப் போனான். பத்து நாள் நல்லா இருந்துச்சு. பதினோராம் நாள் காலையில திரை பூரா ‘தவணை பாக்கி, பூட்டப்பட்டது’. பைனான்ஸ்ல எடுத்த செல்லு. தவணை கட்டலைன்னா எங்கிருந்தோ பூட்டுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியலை. இப்பவும் கல்லாவுக்கு அடியில கெடக்குது.

அதனால பில்லும் டப்பாவும் இல்லாம வாங்காதீங்க. தவணை முடிஞ்ச ரசீதைக் கேளுங்க. *#06# அமுக்குனா 15 இலக்க எண் வரும், டப்பாவுல இருக்கிறதோட ஒத்துப் பாருங்க. ‘கேஒய்எம்’ங்கிற மூணு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புனா அது முடக்கின செல்லான்னு பதில் வரும். கடைசியா, விக்கிறவர் உங்க கண்ணு முன்னாடி அவரு கூகுள் கணக்கை நீக்கட்டும். அதுக்கப்புறந்தான் ரீசெட். மாத்திச் செஞ்சா பழைய கணக்கோட பாஸ்வேர்டு கேட்டு நின்னுக்கும்.

என் செல்லுக்கு நாலு வருசம் ஆச்சு. மத்தியானத்துக்கே சார்ஜ் தீந்துருது. மத்தபடி நல்லாத்தான் இருக்குது. பையன் புதுசு வாங்கு, புதுசு வாங்குங்கறான். என்ன செய்யட்டும் தம்பி?
– ஓய்வு பெற்ற தபால்காரர், ஈரோடு

திரை உடையலைங்களே அய்யா? பேங்க் ஆப்பும் ஓடுதுங்களா? அப்ப பேட்டரியை மட்டும் மாத்துங்க. உங்க கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒரிஜினலா மாத்துங்க, ரோட்டோரக் கடையில கம்மிக்கு வருதுன்னு போகாதீங்க. நான் ரோட்டோரக் கடைக்காரன்தான், இருந்தாலும் சொல்றேன். பேரன் வீடியோ, குட்மார்னிங் படம் எல்லாத்தையும் அழிச்சு அஞ்சுல ஒரு பங்கு இடம் காலியா வையுங்க. செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியில நிக்குதுன்னு பாருங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி நின்னிருந்தா பையன் சொல்றதுல ஞாயம் இருக்குது. அப்படி வாங்கறதா இருந்தா எத்தனை வருசம் அப்டேட் தருவேன்னு கம்பெனி எழுதியே குடுத்திருக்கிற செல்லா வாங்குங்க. பேரு சொல்ல மாட்டேன்னு சொன்னேன், உங்களுக்காக ஒண்ணே ஒண்ணு: 2024-ல வந்த சாம்சங் ஏ16 5ஜிக்கு ஆறு வருசம்னு சொல்லியிருக்காங்க. உங்க கடுதாசி அஞ்சல் அட்டையில வந்துச்சுங்க அய்யா, அதைக் கடைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.