டாக்டர் பதில்கள்: பதினான்கு 555 நோட்டுகள்

(ராணுவ மருத்துவராக இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பினாங்கில் வசிக்கும் டாக்டர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: தமிழ்நாட்டில் பிறந்த நீங்கள் மலேசிய ராணுவத்தில் சேர்ந்தது எப்படி?
- வாசகர், சுங்கைப்பட்டாணி

1948இல், என் ஒன்பதாவது வயதில், நாகப்பட்டினத்தில் படகில் போய் ரஜூலா கப்பலில் ஏறினோம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோம். பினாங்கை எட்டியதும் நேரே ஊருக்குள் விடவில்லை. ஜெர்ஜாக் தீவில் சில நாள் தங்க வைத்தார்கள். அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். அங்கே டாக்டர் கிடையாது, டிரசர் எனப்படும் மருத்துவ உதவியாளர்தான். அவர் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்ப்பார். மலேரியா வந்து வந்து போனால் மண்ணீரல் வீங்கிவிடும். விரல்களாலேயே நோயைக் கண்டுபிடிக்கிறாரே என்ற வியப்பில்தான் மருத்துவ ஆசை பிறந்தது.

சென்னையில் படித்துவிட்டு 1964இல் அதே ரஜூலாவில் திரும்பினேன். 1966இல் ராணுவத்தில் கேப்டனாகச் சேர்ந்தேன். கிளினிக் வைத்தால் நன்றாகச் சம்பாதிக்கலாமே என்று உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். பாயோடு வந்து இறங்கியவனுக்கு இந்த நாடு குடியுரிமை கொடுத்திருந்தது. பதிலுக்குச் சில ஆண்டுகளாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அது இருபது ஆண்டாக நீண்டது.

கேள்வி: காட்டில் வீரர்களை அதிகம் வாட்டியது குண்டா, நோயா?
- மாணவர், கூலிம்

என் கூடாரத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சல்காரர்கள். மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல். லாலாங் என்ற உயரமான காட்டுப் புல்லில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் அந்த இடத்தில் கருகிய பொருக்கு ஒன்று உண்டாகும். அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. குளோராம்பெனிகால் மருந்து இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்பது 1948இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வில்தான் உறுதியானது. நான் ஜெர்ஜாக்கில் இறங்கிய அதே ஆண்டு! மருத்துவம் படிக்கிறவர் என்றால் இதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகன் டாக்டர். ராணுவத்தில் சேர விரும்புகிறான். மருமகள் ஆசிரியை, கையில் ஆறு மாதக் குழந்தை. ராணுவ மருத்துவரால் நல்ல குடும்பஸ்தராகவும் இருக்க முடியுமா?
- வாசகி, பட்டர்வொர்த்

அம்மா, என் கதையைச் சொல்கிறேன். 1974இல் பேராக் மாநிலத்தின் கிரிக் காட்டில் இருந்தேன். கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம்; கம்யூனிஸ்டுகள் தாக்குவார்கள் என்பதால் ராணுவக் காவல். ஒரு மாலை, கண்ணிவெடியில் பாதம் போன ஓர் இளைஞனைத் தூக்கி வந்தார்கள். இருட்டிவிட்டது, மூடுபனி வேறு. நூரி ஹெலிகாப்டர் காலையில்தான் வரும். இரவு முழுவதும் அவன் பக்கத்திலேயே இருந்தேன். நடுவில் வயர்லெஸ்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "பெண் குழந்தை. இருவரும் நலம்." மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவனை நூரியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். மகளின் முகத்தைப் பார்க்க இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

அப்போது குடும்பம் மலாக்காவில், தெரெண்டாக் முகாமின் குவார்ட்டர்ஸில் இருந்தது. என் மனைவி பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எனக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் கேட்கக்கூட இல்லை. அவராக விடுவார் என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பது ஆண்டு ஆகியும் அது என்னை உறுத்துகிறது.

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டில் அவர் தினமும் பிள்ளைகளைப் பற்றி எழுதி வைப்பார். காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்தப் பல் விழுந்தது, கணக்கில் எத்தனை மதிப்பெண், பெரியவன் யாரோடு சண்டை போட்டான். விடுமுறையில் வந்ததும் நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். பிறகு பெரியவனிடம் "அந்தச் சண்டை என்ன ஆயிற்று?" என்று கேட்கும்போது, கூடவே இருந்த அப்பாவைப் போல அவன் பதில் சொல்வான். ஒருமுறை ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: "சின்னவள் அழுதாள். காரணம் தெரியவில்லை. நானும் அழுதேன்." தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. மறுநாளே மருத்துவமனைப் பணிக்கு மாற்றல் கேட்டு எழுதினேன். பதவி உயர்வு தள்ளிப் போயிற்று, போகட்டும்.

உங்கள் மகனுக்கு இப்போது கைபேசி இருக்கிறது. தினமும் குழந்தையின் முகத்தைப் பார்க்கலாம். ஆனாலும் சபாவின் எல்லை முகாமுக்கோ, ஐ.நா. பணியில் லெபனானுக்கோ அனுப்பினால், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடப்போவது மருமகள்தான். அந்த நேரத்தில் துணைக்கு நீங்கள் இருப்பீர்களா? இருப்பேன் என்றால் மகன் தாராளமாகச் சேரட்டும், தேவையான பணி அது. ஆனால் மருமகள் வேலையை விடக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

முடிவு செய்யும் முன் மகனையும் மருமகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்ரி ஏறி என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முகவரியைப் பத்திரிகை அலுவலகம் தரும். பதினான்கு நோட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. மருமகள் என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கட்டும். உங்கள் மகன் உட்கார்ந்து படிக்கட்டும்.