செயற்கை நுண்ணறிவு எழுதும் பதிலை ஆசிரியர் ஒருமுறை பார்த்துவிட்டு மாணவருக்கு அனுப்பினால் போதாதா?

எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. நானே கோட்டைவிட்டவன் என்பதால் சொல்கிறேன்.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை; எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான்) அறிவியல் டியூஷன் நடத்துகிறேன். பிள்ளைகள் இரவில் வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புவார்கள். செயற்கை நுண்ணறிவு பதில் எழுதித் தரும். நான் படித்துப் பார்த்து அனுப்புவேன். ஆரம்பத்தில் வரிவரியாகப் படித்தேன். போகப்போக ஒரு நோட்டம்தான். 'நெகிழி' என்று வந்தால் எங்கள் பாடநூல் வழக்குப்படி 'ஞெகிழி' என்று மாற்றுவேன். ஓர் எழுத்தைத் திருத்தியதுமே முழுப் பதிலையும் சரிபார்த்துவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடும். அங்கேதான் வினை.

ஒரு மாணவி, செம்பனையில் (எண்ணெய்ப்பனை) மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று கேட்டாள். 'காற்றின் மூலம்' என்றது பதில். மணி பதினொன்று. அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்தவள், "சார், பாட்டி இல்லை என்கிறார். அந்தக் காலத்தில் அவரே பூவுக்குத் தூள் அடித்தாராம்" என்றாள்.

பாட்டி விஷயம் தெரிந்தவர். மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற தூளில் கலந்து பெண் பூக்குலையில் ஊதுவது அப்போது தோட்டத்தில் ஒரு வேலை. காற்று மட்டும் போதுமென்றால் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்களா? 1981-இல் கேமரூனிலிருந்து, மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சுமக்கும் ஒரு சிறிய வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. இத்தனைக்கும் மலேசியாவில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டதே எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். இங்கே உட்கார்ந்துகொண்டு காற்று என்று அனுப்பியிருக்கிறேன்!

அபத்தமான பதில் வந்திருந்தால் தூக்கத்திலும் பிடித்திருப்பேன். இது பாதி சரி, அதனால் நழுவிவிட்டது.

இப்போது கேள்வியை மட்டும் முதலில் படித்து, என் பதிலை ஒரு வரியில் தாளில் எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகே திரையில் வந்ததைத் திறப்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாடநூலை எடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஓர் இரவுக்குப் பத்துக் கேள்விதான் என்னால் முடியும். பதினோராவது கேள்விக்கு, 'நாளை வகுப்பில் கேள்' என்று நானே தட்டி அனுப்பிவிடுகிறேன்.