இரண்டு ஊர், ஒரு தீயணைப்புத் துறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரமும் பக்கத்து நகரமும் தீயணைப்புத் துறைகளை ஒன்றாக்கப் பேசி வருகின்றன. எல்லையில் கூப்பிடு தூரத்தில் ஆளுக்கொரு நிலையம் இருக்கிறது. ஒன்றை மூடினால் பெருந்தொகை மிச்சம் என்கிறது ஒரு தரப்பு. வண்டி வரத் தாமதமாகும் என்கிறது மறுதரப்பு. அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். இணைப்பு நல்லதுதானா? அங்கே என்ன கேட்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்லதுதான், வரிசை தப்பாமல் செய்தால். பல இடங்களில் தலைமைப் பதவியையும் சீருடையையும் முதலில் ஒன்றாக்குகிறார்கள். குழாய், வயர்லெஸ், அழைப்பை எடுக்கும் அறை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தீ அந்தப் ‘பிறகு’க்குக் காத்திருக்காது.

1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்து வண்டிகள் ரயிலில் வந்து இறங்கின. ஆளும் இருந்தார்கள், தண்ணீரும் இருந்தது. ஆனால் குழாய் முனையின் திருகு மரை, பால்டிமோரில் தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாயான ஹைட்ரண்டின் மரையோடு சேரவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு அமெரிக்கா இரண்டரை அங்குல இணைப்புக்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்று தரநிலை வகுத்தது. அப்படியிருந்தும் 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதி எரிந்தபோது, உதவிக்கு வந்த அண்டை ஊர்க்காரர்களின் இரண்டரை அங்குலக் குழாய்கள் ஓக்லாந்தின் மூன்று அங்குல ஹைட்ரண்டுகளில் நேராகப் பொருந்தவில்லை. அந்தத் தீயில் 25 பேர் இறந்தார்கள்.

மரை கொஞ்சம் மாறியிருந்தால் என்ன ஆகும் என்றால், இணைப்பு ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகி நின்றுவிடும். பிடித்துவிட்டது என்று நம்பி வால்வைத் திறந்தால் ஒழுகும், அல்லது அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே இரு ஊர் ஹைட்ரண்டுகளையும் குழாய் முனைகளையும் மரை அளக்கும் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். எல்லா வண்டியிலும் இரு வேறு மரைகளைச் சேர்க்கும் அடாப்டர் வைப்பது இடைக்காலத்துக்குத்தான். இருட்டில் முதலில் தொலைவது அதுதான்.

மூச்சுக்கருவியும் இப்படியே. ஒரு நிறுவனத்தின் முகமூடி காற்றை அளவாக விடும் இன்னொரு நிறுவனத்தின் ரெகுலேட்டரில் பெரும்பாலும் பொருந்தாது. புகைக்குள் காற்று தீர்ந்த சக வீரருக்குத் தன் கருவியிலிருந்து காற்றுக் கொடுக்க முடியாத இருவரை ஒரே அணியாக உள்ளே அனுப்பக் கூடாது. கருவியை ஒரே வகையாக்கிய பிறகே ஆட்களைக் கலக்க வேண்டும்.

அடுத்தது கட்டுப்பாட்டு அறை. இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடத் தெரு இருக்கும், இரண்டிலும் ‘வண்டி எண் 1’ இருக்கும். பதறிப்போய் அழைப்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டார். அறைகள் இணையும் நாளுக்கு முன்பே தெருப்பட்டியலில் ஊர்க்குறி சேர்த்து, ஓர் ஊரின் வண்டிகளுக்கு 21, 22 என்று புது எண் கொடுத்துப் பழக்கிவிட வேண்டும். மென்பொருளைப் புதிதாக எழுத வைக்காதீர்கள். இரண்டில் நன்றாக ஓடுவதை வைத்துக்கொண்டு மற்ற ஊரை அதில் சேருங்கள். இங்கிலாந்தில் 46 கட்டுப்பாட்டு அறைகளை 9 ஆகச் சுருக்கும் பெருந்திட்டம் 2010 டிசம்பரில் கைவிடப்பட்டது. குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீண் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது.

மிச்சம் பற்றிக் கேட்டீர்கள். பேசுவோர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். வீரருக்கு வாரம் 56 மணி வேலை என்றால் வண்டியின் ஓர் இருக்கைக்கு 3 பேர் வேண்டும், 42 மணி என்றால் 4 பேர். வண்டிக்கு நான்கு இருக்கை என்றால் முன்னதில் 12 பேர், பின்னதில் 16. விடுப்புக்கான மாற்றாட்கள் தனி. ஒரே துறையில் இரண்டு வேலைநேரம் நெடுநாள் நிற்காது. எல்லாரும் குறைந்த நேரத்தையும் கூடிய சம்பளத்தையும்தான் கேட்பார்கள், அது நியாயமும்கூட. 56 மணி ஊரில் 5 வண்டிகள் இருந்தால் 20 பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நிலையத்தை மூடிக் கிடைப்பது இதிலேயே கரைந்துவிடலாம். உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது: ஏணி வண்டி, பயிற்சித் திடல், பழுதுபார்க்கும் பட்டறை, மாற்று வண்டிகள். இவை இரண்டிரண்டு தேவையில்லை.

எல்லை நிலையத்தை மூடலாமா? வரைபடத்தில் வட்டம் போட்டு முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் எண் தரநிலை, முதல் வண்டி 240 நொடிப் பயணத்துக்குள் சேர வேண்டும் என்கிறது. சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 2.7 கிலோமீட்டர். நூற்றில் 90 அழைப்புகளில் இது நடக்க வேண்டும். சராசரி நேரத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள், தாமதமான அழைப்புகள் அதற்குள் மறைந்துவிடும். கேட்க வேண்டிய எண் இன்னொன்றும் உண்டு: ஒரு நிலையத்தின் வண்டி வெளியே இருக்கும்போது அதே பகுதியிலிருந்து அடுத்த அழைப்பு ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது? அது அதிகமென்றால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிலையங்களும் தேவைதான். அரிதென்றால், ஒன்றை மூடுவதைவிட வண்டி போய்ச் சேராத பகுதிக்கு மாற்றுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லை எதுவானாலும் அருகிலிருக்கும் வண்டி முதலில் போகட்டும் என்று ஓராண்டுக்கு உடன்படிக்கை. இணைப்பின் பலனில் பெரும்பங்கு அதிலேயே கிடைக்கும், பொருந்தாதவையும் வெளியே வரும்.

கூட்டத்தில் ஒப்பந்த வரைவைக் கேட்டு வாங்குங்கள். செலவுப் பங்கு மக்கள்தொகைப்படியா, சொத்து மதிப்புப்படியா, அழைப்புக் கணக்குப்படியா என்று பாருங்கள். பழைய ஓய்வூதியக் கடன் யார் தலையில் என்று பாருங்கள். ஓர் ஊர் விலகினால் வண்டிகள் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஹைட்ரண்டுகள் பெரும்பாலும் குடிநீர் வாரியங்களிடமே இருக்கும், துறை இணைந்தாலும் அவை இணைவதில்லை. ஆண்டுதோறும் அவற்றைத் திறந்து நீரோட்டம் அளப்பது யார், பழுதானதை எத்தனை நாளில் சரிசெய்வது என்று தனி விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்