‘முயற்சி போதவில்லை’ என்றால் நடிக்கிறார் என்று அர்த்தமா?

கேள்வி: நிலாவெளி வீதியில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. அதிலிருந்து மறதி. நட்டஈட்டு வழக்குக்காகக் கொழும்பில் ஞாபகச் சோதனை செய்தார்கள். அறிக்கையில் ‘முயற்சி போதவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்கிறார்களா? – உப்புவெளி வாசகி

பதில்: அப்படி இல்லை, சகோதரி. கிடைத்த புள்ளிகள் அவருடைய உண்மையான திறனைக் காட்டுவதாக எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாபகச் சோதனைகளுக்கு நடுவே, முழு முயற்சியோடு செய்கிறாரா என்று பார்க்க, கடினம்போலத் தெரிந்தாலும் உண்மையில் சுலபமான சிலவற்றையும் வைப்பார்கள். 50 படங்களைக் காட்டிவிட்டு, இரண்டிரண்டாக வைத்து ‘முன்பு பார்த்தது எது?’ என்று கேட்பது ஒரு வகை. மறதி உள்ளவர்களே பெரும்பாலும் இதில் நன்றாகச் செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் ஏறக்குறைய 25 சரியாக வந்துவிடும். ஒருவருக்கு 12தான் சரி என்றால்? சரியான படம் தெரிந்தேதான் மற்றதைத் தொட்டிருக்கிறார். இதைவிட வலுவான சான்று கிடையாது. ஆனால் இந்த அளவுக்கு அகப்படுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். நடுவில் நிற்கும் புள்ளிகள்தான் சிக்கல்.

வலி, மனச்சோர்வு, தூக்கம் வரவைக்கும் மருந்து எல்லாமே புள்ளியைக் குறைக்கலாம். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் போய், விடிந்ததும் சோதனைக்கு உட்கார்ந்தாரா? அதையும் சொல்லுங்கள். படிப்பும் மொழியும் இன்னும் முக்கியம். அன்ட்ரே ரே என்ற உளவியலாளரின் பழைய சோதனையில் 15 குறிகளை 10 விநாடி காட்டிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். ஏ, பி, சி, ரோமன் எண்கள் என்று மும்மூன்றாக இருப்பதால் சுலபம் என்பது கணக்கு. ஆங்கில எழுத்தே பழகாத ஒருவருக்கு அதில் என்ன சுலபம்?

அதனால் ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அன்றாட வாழ்க்கையோடும் ஒப்பிட வேண்டும். காதில் கேட்ட மூன்று இலக்கத்தை அப்படியே திரும்பச் சொல்ல முடியாதவர் தனியாகக் கிண்ணியாவுக்கு ஆட்டோ ஓட்டி, மிச்சக் காசும் சரியாகக் கொடுக்கிறார் என்றால் கேள்வி எழத்தான் செய்யும். வழக்கு இருப்பது மட்டும் சந்தேகத்துக்குப் போதாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? இப்படிப்பட்ட சோதனைகள் எத்தனை வைத்தார்கள், எந்த மொழியில், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று உங்கள் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். தமிழில் மறுசோதனையும் கோரலாம். போகும்போது டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் அறிக்கை, குடிக்கும் மருந்துகளின் பட்டியல் மூன்றையும் கொண்டு போங்கள். எத்தனை புள்ளி எடுத்தால் தப்பலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ‘கொஞ்சம் கூட்டிக் காட்டச் சொல்லு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உண்மையான காயமும் அதோடு சேர்ந்து நம்பப்படாமல் போகும்.