நீட்டுக்குப் படித்துக்கொண்டே டியூஷன் எடுக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டாவது முறையாக நீட் எழுதத் தயாராகிறேன். போன தடவை உயிரியல் கைகொடுத்தது, இயற்பியல் காலை வாரிவிட்டது. எங்கள் தெருவில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் அறிவியல் சொல்லித்தரச் சொல்கிறார்கள். மாதிரித் தேர்வுக் கட்டணத்துக்காவது பணம் வரும். "உன் படிப்பு கெட்டுப்போகும்" என்கிறார் அப்பா. எடுக்கலாமா? டிகிரி இல்லாததால் பிரச்சினை வருமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பை மட்டும் எடுங்கள், பத்தை விட்டுவிடுங்கள்.

காலண்டரைப் பார்த்தாலே காரணம் தெரியும். நீட் 2024-இல் மே 5, 2025-இல் மே 4. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதற்குச் சற்று முன்னால் வரும். பிப்ரவரி பிறந்ததும், "தினமும் ரெண்டு மணி நேரம் பார்த்துக்கம்மா" என்று பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். உங்களுக்கும் அதுதான் திருப்புதல் நேரம். பாதியில் கைவிட்டால் பிள்ளை பாவம், தெருவில் உங்கள் பேரும் கெடும். ஒன்பதாம் வகுப்பில் இந்த நெருக்கடி இல்லை. பிப்ரவரி கடைசியோடு நிறுத்திவிடுவேன் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் விலங்குலகம், திசுக்கள், வேதிப்பிணைப்பு எல்லாம் இருக்கின்றன. நீட் பாடத்திட்டத்திலும் இருக்கின்றன. அளவீடு பாடத்தில் வரும், சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவி, 2024 நீட் பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்கள் பகுதியில் இடம்பிடித்தது. அதை நடத்தும்போது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "பிளஸ் பிழைன்னா ஏன்க்கா கழிக்கணும்?" சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார். காய்கறிக் கடைத் தராசைச் சொல்லுங்கள். காய் வைக்கும் முன்பே 50 கிராம் காட்டினால், அந்த 50-ஐக் கழித்துத்தானே காசு கொடுப்போம்? தாடைகள் மூடியிருக்கும்போதே அளவி ஒரு நீளத்தைக் காட்டுகிறது. இல்லாத நீளம் அது, எடுத்துவிட வேண்டும். ஒருமுறை இப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தேர்வறையில் உங்களுக்கே குழப்பம் வராது.

ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சரளமாகப் பேசி முடித்ததும், நாமே படித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வரும். நம்பாதீர்கள். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். பேச்சுத் திறமைக்கு அங்கே வேலையில்லை. டியூஷன் நேரத்தைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். அப்புறம், உயிரியல் வரும் என்பதற்காக அதையே நடத்திக்கொண்டிருக்க மனம் இழுக்கும். உங்களுக்கு அடி விழுந்தது இயற்பியலில். வாரம் நான்கு வகுப்பு என்றால் இரண்டு இயற்பியலாக இருக்கட்டும். வகுப்பு முடிந்த கையோடு, அதே பாடத்தில் இருபது நீட் கேள்விகளைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள்.

நேரம் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு போதும். ஞாயிறு மதியம் மட்டும் யார் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். நீட் நடப்பது ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை. சாப்பிட்டதும் கண் சொக்கும் அந்த நேரத்தில் மாதிரித் தேர்வு எழுதிப் பழக வேண்டும்.

டிகிரி பற்றி: மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசிரியர்களுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது. அது 50 பேருக்கு மேல் சேர்க்கும் பயிற்சி மையங்களுக்கானது. வீட்டுத் திண்ணையில் ஆறு பேருக்குச் சொல்லித்தரும் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். கட்டணம், தெருவில் மற்றவர்கள் வாங்குவதை ஒட்டியே இருக்கட்டும். மாத முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் கேட்டு நிற்பது சங்கடம்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். மாதிரித் தேர்வில் வாங்கும் இயற்பியல் மதிப்பெண்ணை மாதாமாதம் அவரிடம் காட்டுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் அவர் சொன்னதுதான் சரி. அந்த மாதத்தோடு டியூஷனை நிறுத்திவிடுங்கள்.