மெஷின் கத்துனா காசுன்னு அர்த்தம் இல்ல: மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருபது வருசத்துக்கு மேல ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் பாத்தவன் நான். துபாய்ல இருந்து வந்த பக்கத்து வீட்டுப் பையன் மெட்டல் டிடெக்டர் ஒண்ணைக் கொண்டாந்து, "அண்ணாச்சி, இது என்ன சொல்லுதுன்னே புரியல, நீங்க பாருங்க"ன்னு விட்டுட்டுப் போனான். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. காசு தேடுதேன், அதைவிட அதிகமா ஊர்க்காரங்க தொலைச்ச நகையைத் தேடிக் குடுக்கேன்.

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி: புது மெஷின் வாங்கியாச்சு. முதல்ல எங்க போகட்டும் அண்ணாச்சி?

எங்கயும் போகாதீங்க. வீட்டுப் பின்னால நாலடி இடம் போதும். அந்த இடத்துல முதல்ல மெஷினை ஓட்டி, கிடக்குற ஆணி கம்பியெல்லாம் பொறுக்கிருங்க. அப்புறம் பழைய ஒத்த ரூபா, பித்தளை அஞ்சு ரூபா, பத்து ரூபா, ஒரு வெள்ளி மெட்டி, ஒரு துருப்பிடிச்ச ஆணி, பாட்டில் மூடி ஒண்ணு, எல்லாத்தையும் ஒரு முழம் தள்ளித் தள்ளி அரைச்சாண் ஆழத்துல புதைங்க. எது எங்கன்னு நோட்டுல எழுதுங்க. ரெண்டு வாரம் அதுமேலயே நடங்க. காது பழகணும். ஹெட்போன் கட்டாயம் போடுங்க, ஆழத்துல கிடக்குறது முனகத்தான் செய்யும், கத்தாது.

வீசுறதுல எல்லாரும் ஒரே தப்புதான் செய்யுதாங்க. ஊஞ்சல் மாதிரி ஆட்டுவாங்க, ரெண்டு ஓரத்துலயும் காயில், அதான் கம்பு முனையில இருக்குற தட்டு, தரையை விட்டு மேல போயிரும். களத்துல நெல்லைக் காலால துழாவுற மாதிரி, தரையை ஒட்டியே போகணும், மெதுவா. மண்ணுக்குள்ள அதோட பார்வை கீழ போகப் போகக் குறுகும். அதனால ஒரு வீச்சுல பாதியை அடுத்த வீச்சு மூடணும்.

மேலப்பாளையம்: அது காசா ஆணியான்னு மெஷினுக்கு எப்படித் தெரியுது?

தெரியாது. இதை மனசுல போட்டுக்கிட்டா பாதி படிச்ச மாதிரி. காயிலுக்குள்ள ரெண்டு கம்பிச் சுருள். ஒண்ணு காந்தப்புலத்தை மாத்தி மாத்தி அனுப்பும். மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா அதுல சின்னதா ஒரு மின்சாரம் சுழலும், அந்தச் சுழற்சி திருப்பி ஒரு புலத்தை அனுப்பும், ரெண்டாவது சுருள் அதைக் கேக்கும். எவ்வளவு பிந்தி வருதுங்கிறதை வச்சுத்தான் மெஷின் திரையில நம்பர் காட்டுது. வெள்ளி, செம்பு நல்லா மின்சாரம் கடத்தும், நம்பர் மேல வரும். மெல்லிசு தங்கம் சிகரெட் தாள் நம்பர்ல வந்து நிக்கும். குப்பை வேண்டாம்னு அந்த நம்பரை அடைச்சு வச்சீங்கன்னா மோதிரமும் போச்சு.

இன்னொண்ணு. நம்ம கையில இப்ப புழங்குற ஒத்த ரூபா, ரெண்டு ரூபாயெல்லாம் பெரும்பாலும் காந்தத்துல ஒட்டுற எவர்சில்வர். மெஷினுக்கு அது இரும்புச் சொந்தக்காரன், நம்பர் தாவிக்கிட்டே இருக்கும். அதே சமயம் சாராய பாட்டில் அலுமினிய மூடி 'நான்தான் வெள்ளிக்காசு'ங்கிற மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கத்தும். நம்ம ஊர்ல எந்த ஆலமரத்தடியில அதிகம் கத்துதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

முக்கூடல்: பழைய சந்தைத் திடல்ல உடையவர் அனுமதியோட தேடுனேன். அருமையான சத்தம், தோண்டுனா மாட்டு லாடம். ஏன்?

நானும் முதல் நாள் எங்க களத்துல நாப்பது குழி போட்டேன். லாடம், லாட ஆணி, கலப்பைக் கொழு, சோடா மூடி, கடைசியில 1957ஆம் வருசத்து ஒரு நயா பைசா. அதைக் கையில வச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி நின்னேன்.

தட்டையான இரும்பும் வளையமான இரும்பும் மெஷினை ஏமாத்தும். ரெண்டுக்குள்ளயும் மின்சாரம் சுத்தி ஓட வழி இருக்கு, அதனால உசந்த சத்தம் குடுக்கும். தோண்டுறதுக்கு முன்னால நின்ன இடத்துல இருந்து கால் வட்டம் சுத்தி வந்து, குறுக்கால வீசிப் பாருங்க. காசு எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். இரும்பு பேச்சை மாத்தும். பின்பாயிண்ட், அதான் பொருள் இருக்குற புள்ளியைச் சரியாக் காட்டுற பொத்தான், அதைப் போட்டா சத்தம் வேற இடத்துக்கு நகந்துதுன்னாலும் இரும்புன்னு வச்சுக்கோங்க. ஆனா சந்தேகம்னா தோண்டிருங்க.

தோண்ட மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்தி போதும். மூணு பக்கம் வெட்டி மண்ணை மூடி மாதிரி திறந்து, எடுத்துட்டு, திரும்ப மூடி மிதிச்சு விடுங்க. திறந்து கிடக்குற குழியில ஆட்டுக்கால் முறிஞ்சா அடுத்த தடவை யாரும் உள்ள விட மாட்டாங்க.

திசையன்விளை: இட்டமொழித் தேரியில மெஷின் நிக்காமக் கத்துது. பழுதா?

மெஷின் நல்லாத்தான் இருக்கு. தேரின்னா செம்மணல் மேடு. அந்த மணல் செவப்பா இருக்குறதே இரும்புத் துருவாலதான். கிரவுண்ட் பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கும். உலோகம் இல்லாத இடமாப் பாத்து, அந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டு காயிலைத் தரைக்கும் முழங்காலுக்கும் நடுவுல ஏத்தி இறக்குங்க, சத்தம் அடங்குற வரைக்கும். மண்ணோட குரலை மெஷினுக்குக் காட்டி, 'இதை விட்டுட்டு மத்ததைச் சொல்லு'ங்கிறதுதான் அது. கரிசல் காட்டுக்குப் போனாத் திரும்பச் செய்யணும், செங்காட்டுக்கு வந்தா மறுபடியும். சென்சிடிவிட்டியையும், அதான் மெஷினோட காதுக் கூர்மையையும், குறைங்க. கூட்டி வச்சா ஆழம் போகும்னு நினைக்காங்க. தேரியில கூட்டி வச்சா மண்ணு மட்டும்தான் பேசும்.

உவரிப் பக்கம் கடற்கரைக் கருமணல் இதைவிடப் பெரிய தலைவலி. காய்ஞ்ச மணல்ல சமாளிக்கலாம். அலை நனைக்கிற இடத்துல உப்புத்தண்ணியே மின்சாரம் கடத்தும். அங்க பல அலைவரிசையில ஓடுற மெஷின், இல்லன்னா காந்தப்புலத்தை விட்டு விட்டு அனுப்புற பல்ஸ் வகை வேணும். பல்ஸ் வகைக்கு இரும்பையும் தங்கத்தையும் சரியாப் பிரிக்கத் தெரியாது, எல்லாத்தையும் தோண்டணும்.

பணகுடி: கரண்டு எடுக்குற காத்தாடிப் பக்கம் போனா விட்டு விட்டுக் கத்துது.

கரண்டு லைன் வேலை. அலைவரிசை மாத்துற வசதி இருந்தா மாத்துங்க, சென்சிடிவிட்டியைக் குறைங்க, செல்போனைத் தள்ளி வைங்க.

குறுக்குத்துறை: ஆத்துல பையங்க கயித்துல காந்தம் கட்டியே காசு எடுக்காங்களே, மெஷின் எதுக்கு?

அவங்க கெட்டிக்காரங்க. எவர்சில்வர் காசுக்குக் காந்தம்தான் சுளுவான வழி. ஆனா பத்து ரூபா, பழைய செம்பு, வெள்ளி எதுவும் ஒட்டாது. பழைய காசுல 1947ஆம் வருசத்து ஒத்த ரூபா ஒரு விதிவிலக்கு. பின்னால புலி போட்டிருக்கும், சுத்த நிக்கல், காந்தத்துல ஒட்டும். மெஷினோட ஆத்துல இறங்குறதா இருந்தா காயில் மட்டும்தான் நனையலாமா, பெட்டியும் நனையலாமான்னு பாத்துட்டு இறங்குங்க. பாபநாசத்துக்கு மேல புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் மெஷினோட நினைச்சே பாக்காதீங்க.

செய்துங்கநல்லூர்: ஆதிச்சநல்லூர் பறம்புக்குப் பக்கத்துலதான் எங்க வீடு. அங்க தேடலாமா?

கூடாது. அங்க மட்டும் இல்ல, கொற்கை, சிவகளை மாதிரி எந்தத் தொல்லியல் இடத்துலயும் கூடாது. மத்தியப் பாதுகாப்புல இருக்குற இடத்தைச் சுத்தி நூறு மீட்டர் தடை செஞ்ச பகுதி, அதுக்கு வெளிய இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி.

சட்டத்துக்காக மட்டும் சொல்லல. 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் ஆதிச்சநல்லூர்ல தோண்டுனார், எடுத்தது பெர்லின் போயிருச்சு. அதுக்கப்புறம் தொல்லியல் துறையில இருந்த அலெக்சாண்டர் ரீ 1899ல இருந்து சில வருசம் தோண்டி, அந்தக் காலத்துல இறந்தவங்களைப் புதைச்ச தாழிகளோட தங்க நெத்திப்பட்டம், வெண்கலம், இரும்பு எல்லாம் எடுத்தார். ஒரு பொருள் எந்தத் தாழியில, எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்துதுங்கிறதுதான் அதோட காலத்தைச் சொல்லும். நீங்களும் நானும் களைக்கொத்தியால ஒரு செம்புத் துண்டை உருவி எடுத்தா அது ஊமையாயிரும்.

அப்போ சொந்த வயல்ல பழைய காசு கிடைச்சா? (அதே ஆள்)

1878ஆம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணுல மறைஞ்சிருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா, என்ன கிடைச்சுது, எங்க, எப்போன்னு கலெக்டருக்கு எழுதிக் குடுத்து, பொருளைக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்ல கேக்கும்போது கொண்டுவர ஜாமீன் குடுக்கணும். மறைச்சா ஒரு வருசம் வரை ஜெயில். யாருக்கும் சொந்தமில்லைன்னு தீர்ப்பானா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால். அரசாங்கமே வேணும்னு எடுத்துக்கிட்டா, உலோக மதிப்போட அதுல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுக்கும். பத்து ரூபாங்கிறது அந்தக் காலத்துக் கணக்கு. இன்னைக்கு ஒத்தை வெள்ளி ரூபாயே அதைத் தாண்டிரும்.

நாங்குநேரி: அம்பது மீட்டருக்கு அப்பால தங்கம் காட்டுற ஆண்டெனா மெஷின் லட்ச ரூபாய்க்கு வருதாமே?

வேண்டாம் தம்பி. இரிடியம் கலசம், அரிசி இழுக்குற சொம்புன்னு நம்ம ஜில்லாவுல எத்தனை பேரு நிலத்தை வித்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். இது அதோட தம்பி. காசு அளவுள்ள பொருளுக்கு என் மெஷின் ஒரு சாண் காட்டுனாலே எனக்குப் பெருமை.

கல்லிடைக்குறிச்சி: கிடைச்ச செம்புக்காசைப் புளி போட்டு விளக்கலாமா?

ஐயோ. குத்துவிளக்குக்குத்தான் புளி. நல்ல தண்ணியில ஊறப்போட்டு, மண்ணு தானா விடட்டும். பச்சை பூத்திருந்தா அதுதான் அதோட வயசு. சாம்பல், திருநீறு, பிரஷ் எதுவும் வேண்டாம்.

சேரன்மகாதேவி, ஒரு அக்கா: களை எடுக்கும்போது முக்கால் பவுன் கம்மல் ஒத்தைக் காதுல இருந்து விழுந்துட்டு. கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டுக்கா. அதுவரைக்கும் அந்த வயல்ல உழவு ஓட்ட விடாதீங்க. எந்த வரப்புல இருந்து எந்த வரப்பு வரைக்கும் நீங்க இருந்தீங்கன்னு நாலு குச்சி ஊனி வைங்க. நான் கயிறு கட்டி, பாத்தி பாத்தியாப் பிரிச்சு, ஒரு நம்பரையும் அடைக்காமப் பாப்பேன். வரும்போது அடுத்த காதுக் கம்மலைக் கழட்டி ஒரு நூல்ல கட்டிக் கொண்டாங்க. முதல்ல அதைத் தரையில போட்டு, அதோட சத்தத்தை மெஷின்ல கேட்டுக்கிட்டுத்தான் தேடத் தொடங்கணும். நூல் முனையை நீங்களே பிடிச்சுக்கோங்க.