போர்தோ ஒயினில் இடது கரை, வலது கரை என்றால் என்ன? எதை வாங்கலாம்?

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் கரோன், டோர்டோன் ஆறுகள் கலந்து ஷிரோந்து முகத்துவாரமாகி அட்லாண்டிக் கடலை அடைகின்றன. அதன் தென்மேற்கே மார்கோ, போயாக் போன்ற ஊர்கள் உள்ள பக்கம் இடது கரை. சேந்த் எமிலியோன், பொம்ரோல் இருக்கும் பக்கம் வலது கரை.

சுவையைப் பிரிப்பதில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான். இடது கரையில் சரளைக்கல் அதிகம். வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவிலும் சுடுவதைப் போல, அந்தக் கற்கள் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன, மழைநீரும் தேங்காது. தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இந்தக் கதகதப்பு வேண்டும். அதிலிருந்து வரும் ஒயின் துவர்ப்பு மிக்கது, முதிரக் காலம் கேட்பது. வலது கரையின் குளிர்ந்த களிமண்ணில் சீக்கிரம் பழுக்கும் மெர்லோ செழிக்கிறது. அதன் ஒயின் மென்மையானது.

முதல்முறை வாங்குபவருக்கு வலது கரையையே பரிந்துரைப்பேன். இடது கரை ஒயினை ஆட்டிறைச்சியோடு அருந்துங்கள். துவர்ப்பு அழகாகத் தணியும். லேபிளில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

போர்தோ ஒயின்களை வரிசைப்படுத்திய 1855ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தரவரிசையில் இல்லாததால் வலது கரை ஒயின்கள் தாழ்ந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெத்ரூஸ் பொம்ரோலில்தான் உருவாகிறது.